வட்டி குறைஞ்சாச்சு... மிச்சமாகும் பணத்தை ஹோம் லோன்லயே போட்டுடலாமா?

2025-ஆம் ஆண்டில் மட்டும் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை நான்கு முறை குறைத்தது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் எனப் படிப்படியாக இறங்கி 6.50 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதத்துக்கு வந்தது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகளில் மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியவர்களில் பெரும்பாலானோரின் வட்டி இதோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. அது இறங்கினால் இவர்களுடைய வட்டியும் மூன்று மாதத்துக்குள் இறங்க வேண்டும்.

இறங்கியதும் இரண்டு குரல்கள் கேட்க ஆரம்பிக்கும். ‘மிச்சமாகிற ஒவ்வொரு ரூபாயையும் லோன்லயே கட்டு, அஞ்சு வருஷம் முன்னாடியே முடிச்சிடலாம்’ என்பது ஒன்று. ‘எப்பப் பார்த்தாலும் லோன் லோன்னு... ஒரு படத்துக்குக்கூடப் போக முடியல’ என்பது இன்னொன்று. முதல் குரல் யூடியூபிலிருந்து வரும், இரண்டாவது வீட்டுக்குள்ளிருந்தே வரும். யார் சொல்வது சரி?

முதலில் கணக்கு

தாம்பரம் பக்கம் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். 40 லட்ச ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாத இஎம்ஐ 34,713 ரூபாய். முதல் ஆண்டில் மொத்தம் 4.16 லட்சம் கட்டுவீர்கள். அதில் அசலில் கழிவது எவ்வளவு தெரியுமா? சுமார் 80 ஆயிரம். மீதி 3.37 லட்சமும் வட்டிக்குப் போய்விடும். 20 ஆண்டும் இப்படியே ஓட்டினால் வட்டி மட்டும் 43 லட்சத்தைத் தாண்டும். வாங்கிய கடனைவிட அதிகம்.

இதனால்தான் ஆரம்ப ஆண்டுகளில் கட்டும் கூடுதல் பணத்துக்கு அவ்வளவு மதிப்பு. முதல் ஆண்டு முடிவில் ஒரு லட்சம் பார்ட் பேமென்ட் கட்டினால், கடைசியில் மிச்சமாகும் வட்டி சுமார் 3.8 லட்சம். அதே ஒரு லட்சத்தை 15-ஆவது ஆண்டு முடிவில் கட்டினால் மிச்சம் 51 ஆயிரம்தான். கடன் முடியப்போகிற நேரத்தில், இருக்கிற நகையையும் வைப்புத்தொகையையும் உடைத்து ‘ஒரேயடியா முடிச்சிடுவோம்’ என்று அவசரப்படுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்ப்பது நல்லது. மனசுக்கு நிம்மதி கிடைக்கலாம், வட்டியில் பெரிய லாபம் இல்லை.

வட்டி குறைவதால் என்ன ஆகும்? அதே 40 லட்சம், இன்னும் 20 ஆண்டு பாக்கி, வட்டி மட்டும் 8.5-லிருந்து 7.25 ஆகிறது என்றால் இஎம்ஐ 31,615 ஆக இறங்கும். மாதம் 3,098 ரூபாய் கையில் நிற்கும். அதை எடுக்காமல் பழைய 34,713-ஐயே கட்டிக்கொண்டு போனால் கடன் 16 ஆண்டு 6 மாதத்தில் முடிந்துவிடும். மூன்றரை ஆண்டு குறைகிறது, வட்டியில் 7 லட்சத்துக்கு மேல் மிச்சம். ஏற்கெனவே பழகிய தொகை என்பதால் வீட்டு பட்ஜெட்டில் புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை.

இதுவரை யூடியூப் குரல்தான் ஜெயிக்கிறது. ஆனால் அந்த வீடியோக்களில் அவ்வளவாக வராத ஒரு விஷயம் இருக்கிறது.

போட்ட பணம் திரும்ப வராது

சாதாரண வீட்டுக்கடனில் கூடுதலாகக் கட்டிய பணம் அசலில் கழிந்துவிடும். அவசரத்துக்கு ‘போன மாசம் போட்ட மூணு லட்சத்துல ஒண்ணைக் கொடுங்க’ என்று வங்கியில் கேட்க முடியாது. அதைவிட முக்கியம், அது அட்வான்ஸ் இஎம்ஐயாகவும் கணக்கில் வராது. ஏப்ரலில் போனஸ் மொத்தத்தையும் கட்டுகிறீர்கள், ஜூலையில் வேலை போகிறது என்றால், ஆகஸ்ட் 5-ஆம் தேதி இஎம்ஐ வழக்கம்போல வந்து நிற்கும். ‘இவர் மூணு லட்சம் முன்னாடியே கட்டினவர்’ என்று கணினி பார்க்காது. தொடர்ந்து 90 நாள் தவணை பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் 60 நாள் நோட்டீஸ் வரலாம். கிரெடிட் ஸ்கோர் அதற்கு ரொம்ப முன்பே சரிந்திருக்கும்.

வேலை போவது ஏதோ சினிமாக் கதை இல்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் தனது பணியாளர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறக்குறைய 12 ஆயிரம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ‘அங்கே சேர்ந்துட்டா கவலையில்ல’ என்று ஓஎம்ஆர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த நிறுவனம் அது.

கையில் பணமே இல்லாமல் அப்படி ஒரு மாதத்தில் மாட்டினால் என்ன செய்வோம்? கிரெடிட் கார்டைத் தேய்ப்போம், பர்சனல் லோன் ஆப்பைத் திறப்போம். கார்டு பாக்கியைச் சுழற்றினால் பல வங்கிகளில் மாதத்துக்கு 3.5 சதவீதம் வரை வட்டி, ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டும். 7.25 சதவீதக் கடனை வேகமாக அடைக்கப் போய் 40 சதவீதக் கடனில் விழுவது நல்ல கணக்கா?

அதனால் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கார்டு பாக்கி, பர்சனல் லோன் மாதிரி அதிக வட்டிக் கடன்கள் முதலில். அடுத்து, ஆறு மாத இஎம்ஐயும் ஆறு மாத வீட்டுச் செலவும் தாங்கும் அளவுக்கு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பணம். பிறகுதான் ஹோம் லோன் பார்ட் பேமென்ட். ஆறு மாதத் தொகை சேரவே இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பவர்கள் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம், தவறில்லை. பூஜ்ஜியம் கையிருப்போடு பார்ட் பேமென்ட் கட்டுவதுதான் ஆபத்து.

‘மாசம் 13 ஆயிரம் மிச்சம்’ உண்மையா?

பலர் தடுக்கி விழும் இடம் இது. மேலே சொன்ன குடும்பத்துக்குக் கையில் வரும் சம்பளம் 85 ஆயிரம் என்று வைப்போம். இஎம்ஐ 34,700. மளிகை, பால், கேஸ், மெயின்டனன்ஸ், பெட்ரோல், ஸ்கூல் வேன், போன் எல்லாம் சேர்த்து 30 ஆயிரம். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 7 ஆயிரம். மீதி 13,300. ‘அப்போ பத்தாயிரத்தை மாசாமாசம் லோன்ல போடலாமே’ என்று தோன்றும்.

ஆனால் மாதக் கணக்கில் வராத செலவுகள் இருக்கின்றன. ஜூனில் பள்ளிக் கட்டணம் 60 ஆயிரம். வண்டி இன்ஷூரன்ஸ், மெடிக்ளெய்ம் 30 ஆயிரம். தீபாவளி, பொங்கல் துணிமணி 25 ஆயிரம். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், மொய் என்று 20 ஆயிரம். ஆண்டுக்கு 1.35 லட்சம், மாதத்துக்குப் பிரித்தால் 11,250. நிஜமான மிச்சம் 2 ஆயிரம் சொச்சம்தான்! மாதம் பத்தாயிரம் போடக் கிளம்பியவர் ஆவணி முகூர்த்தத்தில் மொய் எழுதக் கார்டைத் தேட வேண்டியிருக்கும்.

இதில் எதுவும் ‘எதிர்பாராத’ செலவு கிடையாது. தீபாவளி வருஷாவருஷம் வரும். மொய்யும் அப்படித்தான், வாங்கியது நோட்டில் இருக்கிறது, திருப்பிச் செய்தே ஆகணும். நம் அம்மாக்கள் தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தது இதற்காகத்தான். இன்று அதையே ஒரு தனி சேமிப்புக் கணக்காகவோ ஆர்டியாகவோ வைத்துக்கொள்ளலாம். சம்பளம் வந்த அன்றே 11 ஆயிரத்துச் சொச்சம் அங்கே போய்விட வேண்டும். அதன் பிறகு மிஞ்சுவது மட்டும்தான் லோனுக்கும் பிரியாணிக்குமான பணம்.

ஆம், பிரியாணியும் கணக்கில் இருக்க வேண்டும். 16 ஆண்டு, 18 ஆண்டு ஓட வேண்டிய திட்டம் இது. வீட்டில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து ஓடணும். மாதம் ஒரு சினிமா, ஆண்டுக்கு ஒரு ஏற்காடு ட்ரிப் என்பதைக்கூட வெட்டி லோனில் போடும் வீடுகளில் ஒரு கட்டத்தில் சலிப்பு வந்து மொத்தமாகக் கைவிட்டுவிடுகிறார்கள். வட்டி குறைந்ததால் வரும் 3,098 ரூபாயில் பாதியை, அதாவது 1,550-ஐ மட்டும் லோனில் போட்டு மீதியைக் குடும்பத்துக்குச் செலவழித்தால் என்ன ஆகும்? கடன் 18 ஆண்டில் முடியும். வட்டியில் சுமார் 4 லட்சம் மிச்சம். அதுவும் மோசமில்லையே!

இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லிவிட்டு, கூடுதலை நீங்களே கட்டுங்கள்

வட்டி மாறும்போது சில வங்கிகள் இஎம்ஐயை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைக்கும். சில இடங்களில் இஎம்ஐ குறையும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கு விதிகள் கொண்டுவந்தது. வட்டி உயர்ந்தால் இஎம்ஐ கூடுமா, காலம் நீளுமா என்பதைக் கடன் வாங்கியவரிடம் தெரிவிக்க வேண்டும், தேர்வையும் அவருக்குத் தர வேண்டும். காரணம், 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5-க்குப் பாய்ந்திருந்தது. 6.75 சதவீதத்தில் கடன் வாங்கியவருக்கு 9.25 ஆனபோது, கட்டிய இஎம்ஐ கிட்டத்தட்ட முழுக்க வட்டிக்கே போனது. பலருக்கு ஓய்வு வயதைத் தாண்டிக் காலம் நீண்டதே தெரியவில்லை. அந்த நேரத்தில் கடன் வைத்திருந்தவர்கள் இன்றே ஸ்டேட்மென்ட்டை எடுத்து, கடைசித் தவணை எந்த ஆண்டு என்று பாருங்கள். மேலே பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

‘காலத்தைக் குறைப்பதுதான் லாபம்’ என்பது வழக்கமான அறிவுரை. கணக்குப்படி சரிதான். ஆனால் இஎம்ஐ என்பது கட்டாயம், பார்ட் பேமென்ட் என்பது விருப்பம். வருமானம் நிச்சயமில்லாத குடும்பம் என்றால், இஎம்ஐயை 31,615 ஆகக் குறைக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். வித்தியாசம் 3,098-ஐ நீங்களே மாதாமாதம் கூடுதலாகக் கட்டுங்கள். அது முழுக்க அசலில் கழியும்வரை கடன் முடியும் காலத்தில் வித்தியாசமே இருக்காது. ஆனால் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மாதத்தில் அந்த 3,098-ஐ யாரையும் கேட்காமல் நிறுத்திக்கொள்ளலாம். தவணை தவறியதாகப் பதிவாகாது. தொடர்ந்து ஆறு மாதம் நிறுத்தினாலும் கடன் முடியும் நாள் இரண்டு மாதத்துக்குள்தான் தள்ளிப்போகும்.

பார்ட் பேமென்ட்டுக்குக் குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கும் வங்கிகள் உண்டு. அங்கே ஆர்டியில் ஓராண்டு சேர்த்து மொத்தமாகக் கட்டலாம். தனிநபர் பெயரில் மாறும் வட்டியில் உள்ள வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்பது 2012 முதலே விதி. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

போட்ட பணத்தை எடுக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன் இருக்கிறது. எஸ்பிஐயின் ‘மேக்ஸ்கெயின்’ பிரபலமான உதாரணம். கணக்கில் நிற்கும் கூடுதல் பணத்துக்கு வட்டி போடப்படாது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எடுக்க முடியும் என்பதாலேயே எடுத்துவிடுகிற ஆட்களுக்கு இது சரிவராது!

வரிச்சலுகை போயிடுமே?

பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. ‘லோனை அடைக்காதே’ என்று ஆபீசில் சீனியர்கள் சொல்வது அந்தக் காலத்துக் கணக்கு. புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவு கிடையாது, இப்போது நாமாகக் கேட்காவிட்டால் அமலாவதும் புதிய முறைதான். எனவே நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியில் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமே என்றால், கிடைக்கலாம். ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை. கடனில் மிச்சமாகும் 7.25 சதவீதம் நிச்சயம்.

இன்னொரு சின்ன வேலை. வங்கி ஆப்பில் உங்கள் இன்றைய வட்டி விகிதத்தைப் பாருங்கள். 2019-க்கு முன் வாங்கிய கடன் பழைய எம்சிஎல்ஆர் முறையிலேயே இருந்தால், ரெப்போ குறைப்பு உங்களுக்கு மெதுவாகத்தான் வந்து சேரும். ஹவுஸிங் ஃபைனான்ஸ் நிறுவனக் கடன் என்றால் ரெப்போவோடு இணைக்க வேண்டிய கட்டாயமே இல்லை. வங்கியில் எழுதிக் கொடுத்து, அவர்கள் கேட்கும் கட்டணத்தைக் கட்டினால் ரெப்போ முறைக்கு மாறலாம். கடன் கொடுத்த நிறுவனமே இறங்கி வரவில்லை என்றால் வேறு வங்கிக்கு மாற்றும் வழியும் இருக்கிறது, ஆனால் அங்கே வாங்கும் ப்ராசஸிங் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு மாறுங்கள்.