குப்பைக்கு வாடகை

"பாஸ்வேர்டு மறந்துபோச்சுப்பா. வயசாயிடுச்சு."

போனில் கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். நான் பி.காம். சேர்ந்ததற்கு அவர்தான் காரணம் என்று சொன்னால் வருத்தப்படுவார். ஆகவே சொல்வதில்லை. ரிட்டயர் ஆனபிறகு சும்மா இருக்க முடியாமல் ஒரு வெப்சைட் நடத்துகிறார். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மாதிரி வினாத்தாள், விடை, எந்த ஸ்டெப்புக்கு எத்தனை மார்க் என்பது வரைக்கும் அதில் இருக்கும். தம்பிடி வாங்குவதில்லை. விளம்பரமும் கிடையாது. டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் அப்பாவின் செல்போனில் இறக்கிப் படிக்கிறார்கள்.

சம்பவம் நடந்தது போன வருடம். பொதுத் தேர்வுக்குப் பத்து நாள் பாக்கி. புதிய வினாத்தாளை ஏற்றலாம் என்று போனால் சைட் அவரை உள்ளே விடவில்லை. எட்டுத் தடவை பாஸ்வேர்டு போட்டிருக்கிறார். ஞாபக சக்திக்கு ஏதாவது மாத்திரை உண்டா என்று என்னிடமே கேட்டார். மறுநாள் காலை சைட்டே இல்லை. திறந்தால் வெள்ளைப் பக்கம், ஒரே ஒரு வரியில் ஆங்கிலத் திட்டு.

வாத்தியாரின் ஞாபகத்தில் ஒரு கோளாறும் இல்லை. சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. உள்ளே வருகிறவர் இன்னார் என்று ஒரு வரி குறித்துவைக்கக்கூட இடமில்லை. ஆகவே சரியான பாஸ்வேர்டு போட்ட மனிதரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அப்புறம் டேட்டாபேஸும் எழுத இடமில்லாமல் படுத்துக்கொண்டது.

ஹோஸ்டிங் கம்பெனிக்கு போன் போட்டேன். பேர் வேண்டாம். பேசிய பையன் தங்கமான பையன். சார், சார் என்று உருகினான். "உங்க 25 ஜிபி ஃபுல் ஆயிடுச்சு சார். 50 ஜிபி பிளானுக்கு அப்கிரேட் பண்ணிடுங்க. அரை மணி நேரத்துல சைட் வந்துடும்."

"எது ஃபுல் ஆச்சுப்பா?"

"டிஸ்க் சார்."

"அது தெரியுது. எதனால ஆச்சு?"

"டேட்டா அதிகமாயிடுச்சு சார்."

"என்ன டேட்டா?"

"அதெல்லாம் நாங்க பார்க்க மாட்டோம் சார். அப்கிரேட் பண்ணிட்டீங்கன்னா..."

ஐம்பது ஜிபி பிளானுக்கு வருடச் சந்தா கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விஷயத்தை வாத்தியாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பென்ஷன்ல அவ்வளவுதான்ப்பா முடியும். இதோட மூடிடலாம்னு பார்க்கிறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். அந்தப் பையன் மேல் இல்லை. அவனுக்கு அப்படிப் பேசச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்.

நான் படித்தது வணிகவியல். கணக்குப்பிள்ளை வந்து "கல்லாவில் காசு இல்லை" என்றால் முதலாளி முதலில் என்ன கேட்பார்? "எங்கே போச்சு?" என்றுதான் கேட்பார். "அதெல்லாம் பார்க்க மாட்டேன், இன்னும் ஒரு லட்சம் போடுங்க" என்று கணக்குப்பிள்ளை பதில் சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். பெட்டிக்கடையில்கூட நடக்காத இந்தக் கூத்து சர்வர் உலகத்தில் மட்டும் தினம் நடக்கிறது. அதற்கு 'டெக்னிகல் சப்போர்ட்' என்று கௌரவமான பெயர் வேறு. டிஸ்க் ஃபுல் என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் அடிக்கிறது என்றால் ஏன் என்று பார்ப்பார்களா, பெரிய தெர்மாமீட்டர் வாங்கச் சொல்வார்களா?

நிற்க. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பியைப் பிடித்தேன். அவன் சர்வருக்குள் போய் டிஎஃப் என்று இரண்டு எழுத்து அடித்தான். மொத்த இடம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று வந்தது. அப்புறம் டியூ என்று இன்னும் இரண்டு எழுத்து. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடத்தைச் சாப்பிட்டிருக்கிறது என்று வரிசையாகக் கொட்டியது. லினக்ஸ் சர்வர் எதிலும் இருக்கும் சமாச்சாரம். காசு கிடையாது. ஆன நேரம் இரண்டு நிமிடம்.

வாத்தியாரின் மொத்தச் சரக்கே 100 எம்பிதான். பேக்கப் ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருந்தது பூதம். ஃபைல்களின் அளவை வரிசையாக போனில் வாசித்தேன்.

"முதல் வாரம் 100 எம்பி சார். அடுத்தது 200. அதுக்கடுத்தது 400..."

"நிறுத்து. அடுத்தது எண்ணூறா?"

"ஆமா சார்."

"அப்புறம் ஆயிரத்து அறுநூறு?"

"ஆமா."

வாத்தியார் சிரித்தே விட்டார். "டேய், இது பெருக்குத்தொடர் வரிசைடா! பத்தாம் கிளாஸ்ல உனக்கு நடத்தினேனே. ஒவ்வொரு காப்பிக்குள்ளயும் பழைய காப்பி எல்லாம் போகுதுடா!"

அதேதான். பேக்கப் ஃபோல்டர் சைட்டுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு ஞாயிறு இரவும் மொத்த சைட்டையும் காப்பி எடுத்தபோது, முந்தைய காப்பிகளும் சேர்த்துக் காப்பி ஆயின. ஏழாவது வாரம் 6,400 எம்பி. எட்டாவது பாதியில் மூச்சு முட்டி நின்றிருந்தது. சரி, 50 ஜிபி பிளான் வாங்கியிருந்தால்? ஒரு ஞாயிறு தாண்டியிருக்கும். அடுத்த ஞாயிறு மறுபடி வெள்ளைப் பக்கம். 100 ஜிபி வாங்கினால் இன்னும் ஒரே ஒரு வாரம். கூட்டு வட்டியோடு யாரும் ஓடி ஜெயித்ததில்லை.

இந்தப் பேக்கப் ஏற்பாட்டைச் செய்து கொடுத்த புண்ணியவான் யார் என்கிறீர்களா? அடியேன்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, "பேக்கப் இல்லாம சைட் நடத்தறீங்களே சார்" என்று பெரிய மனிதத் தோரணையில் செய்துவிட்டு வந்தேன். பழையதை எப்போது அழிப்பது என்று யோசிக்கவே இல்லை. ஆக, முதல் குற்றவாளி நான். அதற்காக இரண்டாவது குற்றவாளியை விட்டுவிட முடியாது. இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? குப்பைக்கும் சேர்த்து வாடகை வருகிறதே!

விசாரித்தால், ஊர் முழுக்க இதே கதை. வில்லன்கள்தான் வேறு.

முதல் வில்லன், லாக் ஃபைல். சர்வர் எழுதும் நாள்வழிப் புத்தகம். யார் வந்தார், எங்கே தப்பு நடந்தது என்று ஒவ்வொரு வரியாகக் குறித்துக்கொண்டே இருக்கும். சோதனைக்காக எல்லாவற்றையும் எழுதச் சொல்லித் திறந்துவிட்ட புரோகிராமர் மூடாமல் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். ஒரே எச்சரிக்கையை லட்சம் தடவை எழுதி எழுதி டிஸ்க்கை நிரப்பும். பழைய லாகைச் சுருக்கி, அப்புறம் அழிக்க லினக்ஸில் லாக்ரொட்டேட் என்ற வசதி பல வருடங்களாக இருக்கிறது. போட்டுவைக்க ஆளில்லை.

இரண்டாவது, பேய் ஃபைல். பெரிய லாகை அழித்தாகிவிட்டது, ஆனால் இடம் திரும்பவில்லை. காரணம், ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் அதைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது. பெயர் போய்விட்டது, உடம்பு போகவில்லை. டிஎஃப் ஒரு கணக்குச் சொல்லும், டியூ வேறு கணக்குச் சொல்லும். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. பாஸ் புத்தகமும் ரொக்க ஏடும் ஒத்துப்போகாதபோது வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுவோமே, அதேதான். அந்தப் புரோகிராமை நிறுத்தி மறுபடி கிளப்பினால் இடம் வந்துவிடும்.

மூன்றாவது ரொம்பப் பேரைச் சுற்றலில் விடும். இடம் பாதி காலியாக இருக்கும். ஆனாலும் இடமில்லை என்று சொல்லும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடு என்று ஒரு பதிவு வேண்டும். பல வகை டிஸ்க் அமைப்புகளில் அவற்றின் எண்ணிக்கை முன்னாலேயே தீர்மானமாகிவிடும். லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்களைச் சேரவிட்டால் பதிவு தீர்ந்துவிடும். பந்தியில் சோறு இருக்கிறது, சாம்பார் இருக்கிறது, இலை தீர்ந்துவிட்டது. இதற்குப் போய் இன்னொரு மூட்டை அரிசி வாங்கச் சொன்னால் என்ன சொல்வீர்கள்?

மெமரி விவகாரம் இதைவிடக் கூத்து. டிஸ்க் குடோன் என்றால் ராம் கடையின் மேஜை. மேஜையில் காலி இடம் இல்லை என்று பார்த்ததுமே "ராம் போதவில்லை" என்று அலறுகிறார்கள். லினக்ஸ், சும்மா கிடக்கும் ராமில் அடிக்கடி தேவைப்படும் ஃபைல்களை எடுத்து வைத்துக்கொள்ளும். யாராவது இடம் கேட்டால் நகர்த்திக் கொடுத்துவிடும். அது கெட்டிக்காரத்தனம், வியாதி இல்லை. பார்க்க வேண்டியது 'ஃப்ரீ' என்ற எண்ணை அல்ல, 'அவைலபிள்' என்ற எண்ணை.

நிஜமாகவே ராம் தீர்ந்தால் என்ன ஆகும்? லினக்ஸ் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துத் தீர்த்துக்கட்டும். பெரும்பாலும் அதிக இடம் அடைத்துக்கொண்டிருப்பவரை. அநேக வெப்சைட்டில் அது டேட்டாபேஸ். பஸ்ஸில் கூட்டம் தாங்கவில்லை, யாராவது குண்டாக இருந்தால் இறக்கிவிடு என்று டிரைவரை இறக்கிவிட்ட கதை.

ஏன் தீர்ந்தது என்று பார்த்தால் சாதாரணக் கூட்டல் பெருக்கல். ராம் 1 ஜிபி. ஒரே நேரத்தில் 150 பேரைக் கவனிக்கலாம் என்று செட்டிங்கில் எழுதியிருப்பார்கள். ஒருவரைக் கவனிக்க 40 எம்பி ஆகிறது என்று வையுங்கள். 150 பேருக்கு 6,000 எம்பி. கையில் ஆயிரம் வைத்துக்கொண்டு ஆறாயிரத்துக்கு செக் கிழித்தால் பவுன்ஸ் ஆகாமல் என்ன செய்யும்? 150 என்பதை 15 என்று மாற்றினால் கூட்ட நேரத்தில் சிலர் வரிசையில் நிற்பார்கள். கடை படுக்காது. ஆனால் நம் நிபுணர்கள் செய்வது என்ன? ராத்திரி மூன்று மணிக்கு தினமும் ரீஸ்டார்ட். வைத்தியம் இல்லை இது, மந்திரிப்பது.

"டிஸ்க் இன்னிக்கு கொள்ளை மலிவு. இன்ஜினீயர் உட்கார்ந்து தேடற நேரத்துக்கு இடம் வாங்கிடலாம்" என்பார்கள். சில சமயம் நியாயம்தான். சரக்கே வளர்ந்திருந்தால் குடோனும் வளர வேண்டும். 2023 ஆகஸ்ட் 27 அன்று டொயோட்டாவில் ஒரு பராமரிப்பு வேலை. டேட்டாபேஸில் சேர்ந்த தகவல்களை அழித்து ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க் இடம் போதாமல் உதிரி பாக ஆர்டர் சிஸ்டம் நின்றது. மாற்று ஏற்பாடும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் படுத்தது. 29ஆம் தேதி ஜப்பானில் இருந்த அவர்களுடைய 14 தொழிற்சாலைகளும் நின்றன. பெரிய சர்வருக்கு மாற்றித்தான் மீண்டார்கள். ஆனால் எதனால் நின்றது என்பதைக் கண்டுபிடித்து ஊருக்கே சொன்னார்கள். என் வாத்தியாருக்குச் சொல்ல ஆளில்லை.

பெரியது வாங்கவே முடியாத இடமும் உண்டு. 2004 ஜனவரியில் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி செவ்வாயில் இறங்கியது. 18வது செவ்வாய் நாளில் பேச்சு நின்றது. ஃப்ளாஷ் மெமரி 256 எம்பி, ராம் 128 எம்பி. ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த ஃபைல்கள் அழிக்கப்படாமல் கிடந்தன. அவற்றின் பட்டியலை ஏற்றவே ராம் போதவில்லை. ஏற்றப் பார்க்கும், விழும், ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி விழும். செவ்வாய்க்கு யார் போய் பிளானை அப்கிரேட் செய்வது? பூமியிலிருந்தபடியே, அந்த மெமரியைத் தொடாமல் எழுந்திரு என்று கட்டளை அனுப்பினார்கள். காரணத்தைப் பிடித்து ஃபைல்களைத் துடைத்தார்கள். 90 நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய வண்டி 2010 வரை பேசியது.

பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மெஷினில் எந்த ஃபைல் எவ்வளவு இடம் என்று பார்க்க முடிகிறது. காசு வாங்கிக்கொண்டு சர்வரைப் பக்கத்தில் வைத்திருப்பவர்களால் பார்க்க முடியாதாமே!

ஆகவே மகாஜனங்களே, உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ ஒரு சைட் இருந்தால், அடுத்த முறை "இடம் இல்லை" என்று யாராவது சொன்னதும் செக் புத்தகத்தை எடுக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எது அதிக இடம் பிடித்திருக்கிறது? போன மாதம் அது எவ்வளவு இருந்தது? இதே வேகத்தில் போனால் நீ விற்கும் பெரிய பிளான் எத்தனை நாள் தாங்கும்? மூன்றுக்கும் எண்ணில் பதில் சொல்பவர் கேட்டால் கொடுங்கள், தப்பில்லை. மற்றவர்களுக்குக் கொடுப்பது குப்பைக்குக் கட்டும் வாடகை.

வாத்தியார் சைட் அன்று மாலையே எழுந்துவிட்டது. ஒரு நல்ல காப்பியை வேறு இடத்தில் பத்திரப்படுத்தி, மிச்சத்தை அழித்து, பேக்கப் ஃபோல்டரை சைட்டுக்கு வெளியே தள்ளி, கடைசி மூன்று போதும் என்று எழுதிவைத்தான் தம்பி. அதே 25 ஜிபிதான் இன்றைக்கும். முக்கால்வாசி காலி.

தேர்வுக்கு முந்தைய வாரம் அவர் ஏற்றிய மாதிரித் தாளில் ஐந்து மார்க் கேள்வி ஒன்று புதிதாக இருந்தது. ஒரு சைட்டின் அளவு 100 எம்பி, ஒவ்வொரு வாரமும் இரு மடங்காகிறது. 25 ஜிபிக்குப் பதில் 50 ஜிபி வாங்கினால் எத்தனை வாரம் கூடுதலாகத் தாங்கும்?

பிள்ளைகள் நிறையப் பேர் சரியாகப் போட்டிருந்தார்களாம். விடை: ஒன்று.