எந்த வரியில் இருக்கிறது?

"கதை எப்படி முடிகிறது?" என்று கேட்டால் எந்தப் பையனும் சொல்லிவிடுவான். "அப்படி என்று நீ எதை வைத்துச் சொல்கிறாய்? எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று விழிப்பான்.

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்கென்றே அமெரிக்காவில் உள்ள உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு வகுப்பு நடக்கிறது. 'ஏ.பி.' ஆங்கில இலக்கிய வகுப்பு என்று அதற்குப் பெயர். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடத்தைக் கற்றுக்கொள்ளும் வகுப்பு அது. 'காலேஜ் போர்டு' என்ற அமைப்பு 1955-ம் ஆண்டு முதல் இந்த ஏற்பாட்டை நடத்தி வருகிறது.

மனப்பாடம் உதவாது!

மே மாதத்தில் பரீட்சை. மொத்தம் 3 மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் 55 சிறு கேள்விகள். அடுத்த இரண்டு மணி நேரத்தில் 3 கட்டுரைகள்.

முதல் கட்டுரை ஒரு கவிதையைப் பற்றியது. இரண்டாவது, ஒரு கதைப் பகுதியைப் பற்றியது. இரண்டும் கேள்வியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டிருக்கும். மூன்றாவது கட்டுரைக்கு, தான் படித்த நாவலையோ நாடகத்தையோ மாணவனே தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். இன்ன புத்தகத்தைத்தான் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 மார்க். தன் கருத்தைத் தெளிவாகச் சொன்னால் 1 மார்க். அதற்கு ஆதாரம் காட்டி விளக்கினால் 4 மார்க். ஆழ்ந்த சிந்தனைக்கு 1 மார்க்.

கருத்துக்கு ஒன்று, ஆதாரத்துக்கு நான்கு! இந்தக் கணக்கில்தான் அந்த வகுப்பின் உயிர் இருக்கிறது.

கல் எதற்கு?

அமெரிக்கப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பாடமாக இருந்து வரும் ஒரு சிறுகதையைப் பார்ப்போம். பெயர் 'தி லாட்டரி'. எழுதியவர் ஷெர்லி ஜாக்சன் என்ற பெண்மணி. 1948-ம் ஆண்டு வெளிவந்தது.

ஒரு சிறிய கிராமம். நல்ல வெயில் நாள். ஊரார் எல்லாரும் லாட்டரி எடுக்கக் கூடுகிறார்கள். சிறுவர்கள் கற்களைப் பொறுக்கிச் சட்டைப் பையில் நிரப்புகிறார்கள். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்து நாம் மேலே போய்விடுகிறோம்.

கடைசியில்தான் தெரிகிறது. அந்த லாட்டரியில் சீட்டு விழுந்தவருக்குப் பரிசு கிடையாது. ஊரே சேர்ந்து அவரைக் கல்லால் அடிக்கிறது! அந்த ஆண்டு சீட்டு ஒரு தாய்க்கு விழுகிறது. அவளுடைய சின்ன மகன் கையிலும் யாரோ சில கற்களைக் கொடுக்கிறார்கள்.

"கதை பயங்கரமாக இருக்கிறது" என்று சொல்வதோடு அந்த வகுப்பு முடிவதில்லை. "கல்லை ஏன் ஆரம்பத்திலேயே சிறுவர் கையில் வைத்தார்? சீட்டுப் பெட்டி உடைந்து பழசாகியும் ஊரார் அதை ஏன் மாற்றவில்லை?" என்று ஆசிரியர் கேட்கிறார். பிள்ளைகள் திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போகிறார்கள். 'காலம் காலமாக நடக்கிறது' என்பதற்காகவே ஒரு கொடுமை விளையாட்டைப் போல நடந்துவிடும் என்பது அவர்களுக்கே புலப்படுகிறது. ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொண்டது மறந்துபோகும். தானே கண்டுபிடித்தது மறக்காது.

குறுக்கு வழி

இதிலும் கோளாறு உண்டு. "இங்கே உவமை இருக்கிறது, அங்கே உருவகம் இருக்கிறது" என்று பட்டியல் போட்டுவிட்டு, அது எதற்காக என்று சொல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். மார்க்குக்காகவே கதையைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தால், படிக்கும் இன்பமே போய்விடும் என்று வருந்துவோரும் உண்டு. வருத்தம் நியாயமானதே. முதலில் கதையை ரசிக்க வேண்டும், பிறகுதான் ஆராய்ச்சி.

அதைவிடப் பெரிய ஆபத்து குறுக்கு வழி. 1958-ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளிஃப்டன் ஹில்லெகாஸ் என்பவர், ஷேக்ஸ்பியரின் 16 நாடகங்களுக்குச் சிறு விளக்க நூல்கள் வெளியிட்டார். மூல நூலைப் படிப்பவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்பது நோக்கம். பல மாணவர்கள் துணையை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை விட்டுவிட்டார்கள்! இன்றோ கேட்ட மாத்திரத்தில் கம்ப்யூட்டரே கட்டுரை எழுதித் தருகிறது. கட்டுரை கிடைத்துவிடும். ஆனால் கண்டுபிடிக்கும் பழக்கம் வருமா?

வீட்டிலும் கேட்கலாம்

'எந்த வரியில் இருக்கிறது?' என்ற கேள்வி கதைப் புத்தகத்துக்கு மட்டும் உரியதல்ல. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதும் அது வேண்டும். மேடையில் ஒருவர் வாக்குறுதி கொடுக்கும்போதும் வேண்டும். செல்போனில் ஒரு வதந்தி வரும்போதும் வேண்டும். கேட்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். இன்று இரவு உங்கள் பிள்ளையை ஒரு கதை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "அவன் நல்லவன்" என்று பிள்ளை சொன்னால், "எங்கே இருக்கிறது? காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை புத்தகத்தைப் புரட்டித் தேடட்டும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் தந்தையும் இதைக் கேட்கலாம். படிக்கவே தெரியாத தாயும் கேட்கலாம்!