மஞ்சள் கட்சியும் சிவப்புக் கட்சியும்

ஓசூர்க் குடும்பங்களில் ஒரு விசேஷம் உண்டு. பெங்களூர் 40 கிலோமீட்டர், சென்னையோ 300. ஆகவே ஐ.பி.எல். கிரிக்கெட் வந்துவிட்டால் ஒரே கூடத்தில் அப்பா மஞ்சள் கட்சி, பிள்ளை சிவப்புக் கட்சி! 2025-ல் பெங்களூர் முதல் தடவையாகக் கோப்பை வாங்கியது. சென்னை? 14 ஆட்டங்களில் 4 வெற்றி. முதல் தடவையாகக் கடைசி இடம். அப்பாக்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்த நவம்பரில் இன்னொரு இடி. ஜடேஜாவையும் ஸாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, அதன் தலைவர் ஸஞ்சு ஸாம்ஸனைச் சென்னை வாங்கிக்கொண்டது. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு ஸிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவரல்லவா ஜடேஜா? அவர் 2008-ல் ஆடத் தொடங்கியது ராஜஸ்தானில்தான். "பிறந்த வீட்டுக்குத்தானே போகிறார்" என்று தேறுதல் சொன்னார்கள். ஆனால் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடி ஆயிற்று. பிறந்த வீட்டில் யாருக்காவது சீர் குறையுமா, சொல்லுங்கள்!

தோனிக்கு அப்போது வயது 44. விக்கெட்டுக்குப் பின்னால் நிற்க ஸாம்ஸன் வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிசம்பர் ஏலத்தில், இந்தியாவுக்கு ஓர் ஆட்டங்கூட ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களுக்குத் தலைக்கு 14.20 கோடி கொடுத்தார்களே, அது ஜடேஜாவின் புதுச் சம்பளத்தைவிட 20 லட்சம் அதிகம். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் வீட்டு மஞ்சள் கட்சி என்ன சொல்கிறது?