வெள்ளெழுத்தும் வாசிகசாலையும்

நாற்பது வயதைக் கடந்தோர்க்கு அண்மையிலுள்ள எழுத்துத் தெளிவின்றித் தோன்றுதலை நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். சாளேசரம் என்பதும் அதுவே. குறை கண்ணின்பாலிருக்கப் பெயரை எழுத்தின்மேல் ஏற்றிய நயம் நோக்கத்தக்கது. இன்றும் நம்மவர் பழியை எழுத்தின்மேலேயே போடுகின்றனர். அச்சு மங்கல் என்பர். வெளிச்சம் போதாது என்பர். பத்திரிகைக்காரர் எழுத்தைச் சிறிதாக்கிவிட்டனர் என்பர். பத்திரிகையைக் கை நீளுமட்டும் எட்டப் பிடிப்பர். கையின் நீளமும் போதாத காலம் வந்ததும் வாசிப்பையே விட்டுவிடுவர். அவ்வாறு விடுவதனால் விளையும் கேட்டை நாம் உள்ளபடி உணர்ந்திலேம் என்பது என் கருத்து.

கோயில்களிலே கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் யாழ்ப்பாணத்தார் போற்றி வந்த ஒன்று. பல்லாண்டு படித்துப் பழகியவர்கள் ஐம்பது வயதளவிலே, "தொண்டை முன்போல இல்லை" என்று கூறிப் புத்தகத்தை இளையவரிடம் கொடுத்து ஒதுங்குவதை யான் கண்டிருக்கின்றேன். அவர்கள் வீட்டிலே பேரப்பிள்ளையைக் கூப்பிடும் குரல் நாலு வளவுக்குக் கேட்கும். தளர்ந்தது தொண்டையன்று, கண். நம் மூதாட்டியரோ ஊசிக்கு நூல் கோக்கவும் அரிசியிற் கல் பொறுக்கவும் பிறரை எதிர்பார்க்கின்றனர். குளிசைப் பையில் எழுதியிருப்பதை அயல்வீட்டுப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பிக்கின்றனர். வங்கியிலே நீட்டப்படும் படிவத்தில் வாசியாமலே கையொப்பமிடுகின்றனர். இளமையில் அரும்பாடுபட்டுக் கற்ற எழுத்து, முதுமையில் ஒரு சிறு கண்ணாடி இன்மையால் அவர்களுக்கு இல்லாததாகிவிடுகின்றது.

வெள்ளெழுத்து நோயன்று; வயதின் இயல்பு. கண்ணினுள்ளே அமைந்த வில்லை இளமையில் நெகிழ்வுடையது. அண்மையிலுள்ள பொருளை நோக்குங்கால் அது வேண்டிய அளவு திரண்டு, உருவைத் தெளிவாகக் காட்டும். வயது ஏற ஏற அவ்வில்லை இறுகி, திரளும் ஆற்றலை இழக்கின்றது. இவ்விறுக்கம் கண்ணாடி அணிந்தோர்க்கும் உண்டு, அணியாதோர்க்கும் உண்டு. ஆதலின், "கண்ணாடி போட்டால் கண் அதற்குப் பழகி மேலும் கெட்டுவிடும்" என்னும் கூற்றுப் பொருந்தாது. குடை பிடிப்பதனால் மழை மிகுவதில்லை.

இனி, எத்துணை வலுவுடைய கண்ணாடி வேண்டும் என்பதை ஆராய்வாம். வில்லையின் வலுவை டயொப்டர் என்னும் அளவாற் கூறுவர். 1 மீற்றர் தூரத்தில் ஒளியைக் குவிக்கும் வில்லையின் வலு பிளஸ் 1. அரை மீற்றரிற் குவிப்பது பிளஸ் 2. 33 சென்ரிமீற்றரளவிற் குவிப்பது பிளஸ் 3. எட்டப் பார்வையிற் குறையில்லாதோர்க்கு நாற்பதுகளின் தொடக்கத்திலே பிளஸ் 1 அளவும், ஐம்பதையடுத்து 1.75 முதல் 2 வரையும், அறுபதின் பின் 2.5 அளவும் பெரும்பாலும் போதும். இது தோராயமான வழிகாட்டியே; முடிந்த முடிபன்று.

வயதினும் தூரமே முதன்மையானது. வாசிப்போர் பலர் நூலை ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் தூரத்திற் பிடிப்பர். புராணம் படிப்பவர் நூலைப் பீடத்தில் வைத்துச் சற்று எட்ட இருந்து நோக்குவர். அவர்க்குச் சிறிது குறைந்த வலு ஏற்றது. நுண்ணிய தையல் செய்வார்க்குச் சிறிது கூடியது வேண்டும். ஆதலின் கடைக்குச் செல்வோர் தாம் வழக்கமாக வாசிக்கும் பத்திரிகையையே உடன் கொண்டுசெல்க. அதனை வழக்கமான தூரத்திற் பிடித்து, குறைந்த வலுவிலிருந்து படிப்படியாக அணிந்து பார்க்க. இரண்டு கண்ணாடிகள் ஒத்த தெளிவு தருமாயின் வலுக் குறைந்ததையே கொள்க. வலு மிகின் எழுத்துப் பெரிதாகத் தோன்றுதல் உண்மை. ஆயின் நூலை முகத்தருகே கொண்டுவர நேரும். கழுத்தும் தலையும் நோவெடுக்கும்.

ஆயத்தமாக விற்கும் கண்ணாடி மலிவானது, ஆகவே தீயது என்பாரும் உளர். இக்கூற்றில் ஒரு பகுதி மெய். அக்கண்ணாடியில் இரு வில்லைகளும் ஒரே வலுவின. இரு கண்ணும் ஒவ்வாதவர்க்கும், எட்டப் பார்வையிலும் குறையுடையார்க்கும், கோடுகள் கலங்கித் தோன்றுவார்க்கும் அது பொருந்தாது. அவர்கள் முறைப்படி சோதித்தே செய்விக்க வேண்டும். மேலும், கண்ணழுத்த நோயும் நீரிழிவால் வரும் விழித்திரைக் கேடும் தொடக்கத்தில் நோவின்றி வருவன. ஆதலின் நாற்பது கடந்தோர் கண்வைத்தியரை ஒருமுறையேனும் காணுதல் கடன். முதிய ஒருவர் கண்ணாடியின்றியே மீண்டும் வாசிக்கத் தொடங்கினால் நம்மவர் அதனை இறையருள் என வியப்பர். அது கண்ணிலே புரை வளர்வதன் அறிகுறியாதலும் உண்டு. இவையெல்லாம் வைத்தியரிடம் செல்வதற்குரிய காரணங்களேயன்றி, எளியோர்க்கு மலிவுக் கண்ணாடியை மறுப்பதற்குரிய காரணங்களல்ல. விலையை உயர்த்துவது பெரும்பாலும் சட்டகத்தின் அழகும் அதன் பெயருமே. பிளஸ் 2 என்பது எவ்விலைக்கு விற்பினும் பிளஸ் 2 தான்.

இது சிறு விடயமன்று. வெள்ளெழுத்துக்கு உரிய கண்ணாடி பெறாதோர் உலகில் 82 கோடிக்கு மேற்பட்டோர் என உலக சுகாதார நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. அசாமிலே நாற்பது வயதும் அதற்கு மேலும் உடைய தேயிலைத் தொழிலாளர்க்குக் கண்ணாடி வழங்கி நிகழ்த்திய ஆய்வொன்று 2018 இல் வெளியாயிற்று. கண்ணாடி பெற்றோர் கொழுந்து பறித்த அளவு, பெறாதோரோடு ஒப்புநோக்க ஐந்திலொரு பங்குக்கு மேல் கூடுதலாக உயர்ந்தது என அது காட்டிற்று. நம் மலையகத்திலும் நாற்பது கடந்த கைகள் அதே கொழுந்தைப் பறிக்கின்றன. நாட்கூலியும் பறித்த நிறையைப் பார்த்தே பேசப்படுகின்றது. அங்குள்ள தாய்மார்க்குக் கண்ணாடி அழகுப் பொருளன்று. கூலியோடு ஒட்டிய கருவி.

நம் ஊர்தோறும் வாசிகசாலை உண்டு. வெளிநாட்டிலுள்ள உறவினர் கட்டடம் எழுப்பித் தருகின்றனர். நாற்காலியும் மின்விசிறியும் வாங்கித் தருகின்றனர். பத்திரிகைகள் ஒழுங்காக வருகின்றன. ஆயினும் காலையில் அங்கு வரும் முதியவர்களுட் சிலர் தலைப்புக்களை மாத்திரம் பார்த்துவிட்டுப் போகின்றனர். பத்திரிகைக்குப் பணம் கொடுக்கும் சபை அதனை வாசிக்கும் கண்ணுக்கும் சிறிது கொடுத்தல் தகும்.

பிளஸ் 1 முதல் பிளஸ் 3 வரை, அரையரையாக ஏறும் ஐந்து வலுக்களில் இவ்விரண்டு கண்ணாடிகள். சிறிதும் பெரிதுமான எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று. 40 சென்ரிமீற்றர் நீளக் கயிறு ஒன்று. துடைக்கத் துணி ஒன்று. அண்மையிலுள்ள கண் சிகிச்சை நிலையத்தின் நாளும் நேரமும் எழுதிய பலகை ஒன்று. இவ்வளவே வேண்டுவது. வந்தோர் அணிந்து வாசிக்கட்டும்; தமக்கேற்ற வலுவை அறிந்துகொண்டு சொந்தமாக ஒன்று வாங்கட்டும்; வாங்க இயலாதவர்க்கு வாசிகசாலையே கொடுக்கட்டும். தோட்டப் பாடசாலைகளிலும் புராண படனம் நிகழும் கோயில்களிலும் இதனைச் செய்தல் அரிதன்று. சபைகளின் அடுத்த கூட்டத்திலே இதனை ஒரு தீர்மானமாக எடுத்து நிறைவேற்றுவார்களாக.