ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடு!

கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் தினமும் நாலு தடவையாவது கேட்கும் வசனம் இது. ஐந்து மாதம், ஆறு மாதம் வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். ஒருநாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, ரத்தம் எடுப்பார்கள். "சர்க்கரை இருக்கும்மா" என்பார் நர்ஸ். அவ்வளவுதான், அன்று முதல் வீட்டின் பேச்சே மாறிவிடும்.

முதலில் வரும் கேள்வி என்ன தெரியுமா? "ஸ்வீட் ரொம்ப சாப்பிட்டியா?" அடுத்தது, "எங்க பக்கம் யாருக்கும் சர்க்கரையே கிடையாதே!" வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று பயந்து போயிருப்பவளிடம், நேற்று வரை "இன்னும் ஒரு கரண்டி சாதம் போட்டுக்கோ" என்றவர்களே குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள். என்ன நியாயம் இது?

இது அவள் லட்டு சாப்பிட்டதால் மட்டும் வருவதல்ல. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கும். பெரும்பாலானவர்களின் உடம்பு கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். சிலருக்கு அது போதாமல் போகிறது. பரம்பரை, உடல் எடை, வயது என்று காரணங்கள் பல. இவை எதுவுமே இல்லாதவர்களுக்கும் வரலாம். பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. அதனால்தான் தமிழக அரசு 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று கணக்கு. வெறும் வயிற்றில்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. முதல் தடவை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும்.

பயம் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. கவனிக்காமல் விட்டால் தாயின் ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை குழந்தைக்கும் போகும். குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்து பிரசவம் சிக்கலாகலாம். பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். ஆனால் கவனித்தால்? பலருக்குச் சாப்பாட்டை மாற்றி, டாக்டர் சொன்னபடி நடந்தாலே போதும். சிலருக்கு இன்சுலின் தேவைப்படும். "ஊசி போட்டா குழந்தைக்கு ஆகாது" என்று சொல்லும் பக்கத்து வீட்டு டாக்டர்களை நம்ப வேண்டாம். தாய்க்குப் போடும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. தேவைப்படும்போது போடாமல் இருப்பதுதான் ஆபத்து.

இதில் வீட்டாரின் பங்குதான் பெரியது. மற்றவர்கள் தட்டில் மலை போலச் சோறும் அப்பளமும் இருக்க, அவளுக்கு மட்டும் "நீ சாப்பிடக் கூடாது" என்பது தண்டனை. சோற்றைக் குறைத்து, காய்கறி, பயறு, முட்டை, கீரையைக் கூட்டி எல்லோருமே சாப்பிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? வளைகாப்புக்குப் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் வரட்டும், கூடவே ஒரு கிண்ணம் சுண்டலும் வரட்டும். சாயங்காலம் கணவனும் கூடவே நடக்கட்டும்.

இன்னொரு விஷயத்தை எல்லோரும் மறந்து விடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சர்க்கரை தானாக இறங்கிவிடும். "அப்பாடா, போயிடுச்சு" என்று அதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் இந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆறு வாரம் கழித்து ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்குத் தடுப்பூசியும் போட வேண்டும். குழந்தைக்கு ஊசி போட மொத்தக் குடும்பமும் கிளம்பிப் போகிறதே, அன்றைக்கே அம்மாவுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்தால் என்ன?

ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடச் சொன்னவர்கள், பிரசவத்துக்கு அப்புறமும் ரெண்டு பேரையும் சேர்த்தே கவனிக்கட்டும்.