கை தமிழ்க்கை, சொல்லும் தமிழ்ச்சொல் ஆகுக!

உத்தரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டே எல்லார்க்கும் நினைவில் வரும். முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற அக் கல்வெட்டுகளைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். அவ்வூர்க்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், திருமுக்கூடற் கோயிற் சுவரில் இன்னொரு கல்வெட்டு உண்டு. அதனைத் தேடிச் செல்வார் மிகச் சிலரே. வீரராசேந்திர சோழன் காலத்ததாகிய அக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையை நம் கண்முன் நிறுத்துகின்றது. நோய் தீர்க்கும் மருத்துவர், அறுவை செய்வார், மருந்து பறித்து வருவார், மருந்து காய்ச்சி நோயாளரைப் பேணும் பெண்டிர் என ஒவ்வொருவர்க்கும் உரிய கூலி அதில் வகுக்கப்பட்டுள்ளது.

தமிழர் பெருமைப்படத்தக்க செய்திதான். ஆயினும் அக் கல்வெட்டு அடுக்கிச் சொல்லும் மருந்துப் பெயர்களைப் படித்தால் நெஞ்சு சுருக்கென்னும். அவற்றுள் மிகப்பல வடசொற்கள்! பச்சிலை பறித்த கை தமிழ்க்கை; காய்ச்சி வடித்த கை தமிழ்க்கை; பெயர் மட்டும் வேற்றுப்பெயர். ஏறத்தாழ 950 ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்நிலை மாறிற்றா? வடமொழி இருந்த இருக்கையில் ஆங்கிலம் அமர்ந்துகொண்டது, அவ்வளவே மாற்றம்!

5-8-2021 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. மகளிர் தன்னுதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று குருதியழுத்தமும் குருதியிற் சர்க்கரையும் அளந்து, மாத்திரைகளையும் கொண்டுபோய்த் தருகின்றனர். நல்ல திட்டம், நல்ல தமிழ்ப் பெயர். ஆனால் அப் பெண்களின் பயிற்சி வகுப்பும் அப்பெயரைப் போலவே தமிழாய் இருத்தல் வேண்டும் அன்றோ?

ஒரு வகுப்பை எண்ணிப் பாருங்கள். நாற்பது அகவை கடந்த ஒரு தாய். நாற்று நட்டவர், இரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், மாமியாரின் நோய்ப்படுக்கையருகே ஈராண்டு விழித்திருந்தவர். அவர்முன் நின்று ஒருவர், 'சிஸ்டாலிக்', 'டயஸ்டாலிக்', 'டீஹைட்ரேஷன்' என்று அடுக்குகின்றார். அத்தாய் அவற்றை எழுத்துக்கூட்டி எழுதிக்கொள்கின்றார். புரிந்ததா என்று கேட்டால் தலையசைக்கின்றார். புரியவில்லை என்று சொல்ல நாணம். அவ்வளவு பேர் நடுவே சிறுமைப்பட யார்தான் விரும்புவர்? அந்தத் தலையசைப்பை நம்பி அவரை ஊருக்குள் அனுப்பினால், அவர் சுமந்து செல்வது அறிவன்று, வெறும் ஒலி. அந்த ஒலிக்கு விலை கொடுக்கப் போகின்றவர் ஊரிலுள்ள ஏதுமறியாக் குழந்தையும் முதியவருமே ஆவர்.

வளர்ந்தோர்க்குக் கற்பித்தல் வேறு. சிறுவர்க்குக் கற்பித்தல் வேறு. வெற்றுப் பலகையில் எழுதுவது போன்றதன்று அது. முன்னமே எழுதியிருப்பதைப் படித்தறிந்து, அதன் தொடர்ச்சியாய் எழுதுவது போன்றது. வளர்ந்தோர் தம் வாழ்வோடு பொருந்துவதைப் பற்றிக்கொள்வர், பொருந்தாததை விட்டுவிடுவர். தம்மை மதிப்பாரிடம் வாய் திறப்பர். இகழ்வாரிடம் வாய் மூடுவர். கேட்டதை மறப்பினும் தம் கையாற் செய்ததை மறவார்.

இதனை மெய்ப்பிக்க இரண்டு சான்றுகள் போதும்.

முதற்சான்று யாழ்ப்பாணத்தது. சாமுவேல் பிசுக் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-இல் அங்கு வந்தார். மானிப்பாயில் இருந்து மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், ஆங்கிலத்திற் கற்றார் பலர் ஊர்மக்களிடையே தங்காமல் வேறு வேலை தேடிச் செல்வதைக் கண்டார். 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். அவரே தமிழும் கற்றிருந்தார். தம் மாணாக்கரைத் துணைக்கொண்டு உடற்கூறு, மகப்பேறு, அறுவை, வேதியியல் எனத் துறைதோறும் தமிழில் நூல் கொணர்ந்தார். 1867-இல் வெளிவந்த 'இரண வைத்தியம்' அவற்றுள் ஒன்று. அவரிடம் கற்று வெளிவந்த மருத்துவர் அறுபதின்மர்க்கு மேற்பட்டவர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிற் கற்றவர். 1873-இல் தாய்நாடு திரும்பிய பின்னும், 1884-இல் இறக்கும் வரை, தமிழ் மருத்துவ நூற்பணியை அவர் கைவிட்டாரல்லர். அவருடைய நூற்பெயர்களிலும் கலைச்சொற்களிலும் வடசொல் மிகுதிதான். அது அக்காலத்துப் பழக்கத்தின் குறை. கற்பார் மொழிக்குக் கற்பிப்பார் இறங்கி வரவேண்டும் என்னும் நெறியோ எக்காலத்துக்கும் உரியது. கடல் கடந்து வந்த வெள்ளையர்க்கு இயன்றது, காஞ்சி மாவட்டத்திற் பிறந்து வளர்ந்த பயிற்சியாளர்க்கு இயலாதா?

இரண்டாஞ் சான்று வங்கநாட்டது. தாய்மொழிக்காக 1952-இல் குருதி சிந்திய மக்கள் வாழும் நாடு அது. கழிச்சல் நோயால் குழந்தைகள் மாண்டுகொண்டிருந்த அந்நாட்டில், 1980 முதல் பத்தாண்டுக் காலம் பிராக் என்னும் தொண்டமைப்பின் பெண்கள் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்றனர். ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளிற் புகுந்து தாய்மாரைச் சந்தித்தனர். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச்சேர் நீர்! அளவுகோலும் தாயின் கையே. பணிப்பெண் செய்து காட்டினாள். பின் தாய் தன் கையாற் செய்து காட்டினாள். பின்னர் வேறொருவர் வந்து, அத்தாய்க்கு நினைவிருக்கின்றதா என்று ஆய்ந்தார். தாய்மார் எவ்வளவு நன்றாய் நினைவு வைத்திருந்தனரோ, அதற்கேற்பவே பணிப்பெண்ணுக்குக் கூலி. கற்றவரைத் தேர்வு செய்து கற்பித்தவர்க்கு மதிப்பெண் இட்டனர்! இவ்வொரு முறையை நம் பயிற்சி வகுப்புகளிற் புகுத்தினால் எத்தனை வகுப்புகள் தேறும்?

இந்நெறி உத்தரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களுக்கும் பொருந்தும். கைக்குழந்தை கழிந்து துவண்டால், 'உரம் விழுந்துவிட்டது' என்று சேலையில் இட்டு உருட்டுவார் இன்றும் உளர். அதனை மடமை என்று நகைக்கும் பயிற்சியாளர் அந்த நொடியே தோற்றார். 'உரம் விழுந்த குழந்தை எப்படி இருக்கும்?' என்று கேட்பவரே ஆசிரியர். 'உச்சிக்குழி உள்ளே போகும், வாய் உலரும், சிறுநீர் குறையும்' என்று பெண்கள் தாமே சொல்லுவர். 'அம்மா, நீங்கள் சொன்னவை எல்லாம் உடலில் நீர் வற்றியதன் அடையாளங்கள். உருட்டினால் அந்நீர் திரும்பி வருமா? குடித்தால் அன்றோ வரும்!' என்று அவர் விடை கூறலாம். பின்னர் ஒரு லிட்டர் தூய நீர், தலைதட்டிய ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு என ஒவ்வொருவரும் தம் கையாற் கலந்து, சுவைத்துப் பார்க்கட்டும். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அது பிழை என நாவே சொல்லிவிடும். அப் பாடம் சாகும்வரை மறக்குமா?

இவ்விடத்தில் தமிழ்ப்பற்றாளர்க்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். உடலில் நீர் வற்றுதலை 'நீரிழப்பு' என்கின்றோம். சர்க்கரை நோயை 'நீரிழிவு' என்கின்றோம். ஏட்டில் இரண்டும் தெளிவானவை. வகுப்பில் விரைந்து சொன்னால் காதுக்கு இரண்டும் ஒன்றே! ஒன்றற்குச் சர்க்கரை கலந்த நீரே மருந்து. மற்றொன்றற்கு அதே சர்க்கரை கேடு. தூயசொல் படைத்தாலே கடமை முடிந்தது என்று இருந்துவிட்டால், அச்சொல்லும் ஆங்கிலத்தைப் போலவே வெறும் ஒலியாய்ப் போகும். 'நீர்வற்றல்' என்றால் கோடையில் ஏரி வற்றக் கண்ட எவர்க்கும் விளங்கும். உச்சிக்குழி என்னும் சொல்லைப் படைத்தவர் எந்தப் புலவர்? ஊர்த்தாய்மார் அன்றோ! தூயதமிழின் ஊற்று அவர் வாயில் இருக்கின்றது. பேரறிஞர் அவைக்குச் செல்லுமுன் அங்குச் சென்று செவி சாய்த்தல் புலவர் கடன்.

2022-இல் மத்தியப் பிரதேச அரசு இந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டது. ஆங்கிலச் சொற்களையே நாகரி எழுத்தில் எழுதி வைத்தனர் என்னும் குறைகூறலே பரவலாய் எழுந்தது. எழுத்தை மாற்றினால் மொழி மாறிவிடாது. தமிழ்நாடு அவ்வழியிற் செல்லலாகாது.

ஆகவே அரசும் நலத்துறையும் செய்யத்தக்கன இவை: சிற்றூர் நலப்பணியாளர் பயிற்சி முழுதும் தமிழில் நடத்தப்பெறல் வேண்டும். பயிற்சியாளர் முதல்நாளில் சொற்பொழிவு நிகழ்த்தாமல் அவ்வூர் நோய்ச்சொற்களைக் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். ஒரு நாளில் ஒன்றிரண்டு செய்திகளே போதும். அவற்றைக் கையாற் செய்வித்து, தம் சொல்லால் திரும்பச் சொல்வித்து, ஒரு திங்கள் கழித்து மீண்டும் ஆய்தல் வேண்டும். எழுத்துத்தேர்வு எதற்கு? அளவுக் கருவியைத் தாமே பொருத்தி அளந்து, 140-க்கு 90 என்றால் என்ன, அடுத்து என்ன செய்வது என்று ஒரு பாட்டிக்கு விளங்கச் சொன்னால் தேறினார் என்க. மாவட்டந்தோறும் ஒரு மருத்துவரும் ஒரு தமிழாசிரியரும் ஒரு செவிலியும் கூடி அமர்ந்து, அப்பகுதிக்கான எளிய கையேட்டை எழுதுக. அச்சிடுமுன் அப் பெண்களிடமே படித்துக் காட்டுக; அவர்க்கு விளங்காத சொல்லை அடித்துவிடுக.

திருமுக்கூடலில் மருந்து காய்ச்சிய அப் பெண்டிரின் பெயரைக் கல்வெட்டு காத்து வைக்கவில்லை. இன்று அவர்தம் வழிவந்தோர் பையைத் தோளில் மாட்டி, வெயிலில் நடந்து, கதவு தட்டுகின்றனர். அவர் கையிற் கருவி கொடுத்தாயிற்று. வாயில் அவருடைய சொல்லையே கொடுங்கள். அது கடனன்று, அவர் உடைமை!