வைத்த பெயரும் வாய்த்த பெயரும்

நம் வீடுகளில் நாமகரணம் செய்யும்போது குழந்தையின் காதருகே குனிந்து பெயரை மூன்று தடவை சொல்லுகிறோம். குழந்தை வீலென்று அலறுவதைத் தவிர வேறு அபிப்பிராயம் எதுவும் தெரிவிப்பதில்லை. பிறகு அது பள்ளிக்கூடத்துக்கு வந்து, என்னைப் போன்ற ஓர் உபாத்தியாயர் ஆஜர்ப் பட்டியலைப் படிக்கும்போது "உள்ளேன், ஐயா!" என்று பதில் சொல்வதற்குள் பெயரும் பிள்ளையும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆனால், மீசை முளைத்துப் பட்டமும் பெற்ற ஒருவருக்கு, பாஷை தெரியாத அயல் தேசத்தில் புதிதாகப் பெயர் வைத்தால் அது ஒட்டுமா?

ஒட்டும் என்பதற்கு ஷோலாப்பூரில் பிறந்த டாக்டர் துவாரகநாத் கோட்னிஸே சாட்சி.

1937-ல் ஜப்பான் சீனாவின்மீது பெரும் படையெடுப்பைத் தொடங்கிற்று. மறு வருஷம், சுபாஷ் சந்திர போஸ் தலைவராயிருந்த காங்கிரஸ் மகாசபை ஐந்து வைத்தியர்களைச் சீனாவுக்கு அனுப்பியது. அடிமைப்பட்டிருந்த ஒரு தேசம், அடிபட்டுக் கொண்டிருந்த இன்னொரு தேசத்துக்குச் செய்த உதவி அது. செப்டம்பர் மாதம் பம்பாயில் கப்பலேறிய அந்த ஐவரில், 27 வயதான கோட்னிஸும் ஒருவர்.

சீனாவில் அவர்களுக்குப் புதுப் பெயர்கள் கிடைத்தன. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும்; அது பெரும்பாலும் ஓரசைதான். பின்னால் ஓரெழுத்தோ இரண்டெழுத்தோ சேரும். அம்மொழியில் எழுத்து என்பது வெறும் ஒலிக்குறி அன்று. ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. ஆகையால் அயலாரின் பெயரை எழுதும்போது ஒலியும் ஒத்திருக்க வேண்டும், பொருளும் நன்றாயிருக்க வேண்டும். கோட்னிஸ் என்பதன் முன்பாதி 'கெ தி' என்றாயிற்று. 'கெ' என்றால் மரக்கிளை. 'தி' ஒருவகைப் பூமரம். பழஞ்சீனக் கவிதையில் சகோதர பாசத்துக்கு அடையாளம். ஐவர் பெயரின் இறுதியிலும் 'ஹுவா' என்ற எழுத்து சேர்ந்தது. அது சீன தேசத்தையே குறிப்பது. இப்படிப் பிறந்தவர்தான் கெ தி-ஹுவா.

விருந்தாளிக்குப் பெயர் சூட்டுவது சீனர் அறிந்த மரியாதைதான். 1924-ல் மகாகவி தாகூர் பீகிங் நகரில் பிறந்த நாளைக் கொண்டாடியபோது, அறிஞர் லியாங் சி-சாவ் அவருக்கும் ஒரு பெயர் சூட்டினார். அத்தகைய பெயர் கழுத்தில் விழுந்த மாலையைப் போன்றது. ஊர் திரும்பும்போது கழற்றி வைத்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கோட்னிஸ் கழற்றவில்லை. தகப்பனார் காலமான செய்தி அவருக்குச் சீனாவில் இருக்கும்போதுதான் வந்தது. குடும்பம் கண்முன் நின்றிருக்கும். ஆயினும் அவர் திரும்பாமல் 1939-ல் யெனானுக்குச் சென்றார். அங்கிருந்து வடசீனப் போர்முனைக்குப் போனார். மராத்தி பேசிய நாவைச் சீனத்துக்குப் பழக்கினார். அந்தப் பாஷையிலேயே மாணவர்களுக்கு ரண சிகிச்சை போதித்தார்.

1941-ல் பெத்யூன் சர்வதேச சமாதான ஆஸ்பத்திரிக்குத் தலைவரானார். அந்த ஆஸ்பத்திரியின் பெயரும் ஓர் அயலாருடையதே. கானடாவிலிருந்து வந்து 1939-ல் சீனாவிலேயே உயிர் நீத்த டாக்டர் நார்மன் பெத்யூன் அவர்; சீனர் நாவில் 'பை சியு-என்'. ஒரு புதுப் பெயர்க்காரர் விட்டுச் சென்ற கத்தியை இன்னொரு புதுப் பெயர்க்காரர் கையில் எடுத்தார்.

இவ்வளவும் கேட்ட என் மாணவன் ஒருவன், "அப்படியானால் அவர் சொந்தப் பெயரை மறந்துவிட்டாரா, ஐயா?" என்றான். நியாயமான கேள்வி. பிறன் பெயரைச் சூடிக்கொள்வதில் ஒரு துரோகம் ஒளிந்திருக்கிறதோ என்ற சந்தேகம் நமக்கெல்லாம் உண்டு.

அவனுக்கு நான் சொன்ன பதில் ஒரு குழந்தையின் பெயர். கோட்னிஸ் 1941-ல் குவோ சிங்-லான் என்ற சீன மாதை மணந்தார். மறு வருஷம் பிறந்த மகனுக்கு 'யின்-ஹுவா' என்று பெயர். 'யின்' இந்தியா, 'ஹுவா' சீனா. தகப்பன் பெயரிலிருந்த கடைசி எழுத்துக்கு முன்னால் பாரத தேசம் வந்து உட்கார்ந்துகொண்டது! மறந்தவர் வீட்டுத் தொட்டிலில் இப்படி ஒரு பெயர் ஒலிக்குமா?

அந்தக் குழந்தை தவழ்ந்து விளையாடும் பருவத்தைத் தகப்பன் பார்க்கவில்லை. 1942 டிசம்பர் 9-ந் தேதி, வலிப்பு நோயினால் கோட்னிஸ் இறந்தார். வயது 32. மற்ற நால்வரும் தம் கடமையைச் செய்து தாய்நாடு திரும்பினர். இவர் மட்டும் அந்த மண்ணிலேயே தங்கினார்.

1962-ல் இரு தேசங்களுக்கும் யுத்தம் மூண்டது. மனங்கள் கசந்தன. அதற்குப் பிறகுதான், 1976-ல், ஷிஜியாசுவாங் நகரில் அவருக்கு ஞாபகார்த்த மண்டபம் திறந்தார்கள். யுத்தத்தாலும் அழிக்க முடியாதபடி அந்தப் பெயர் அங்கே வேரூன்றியிருந்தது.

பெயர் வைக்க ஒரு நிமிஷம் போதும். அது நம்முடையதாவதற்குத்தான் நாளாகிறது. கெ தி-ஹுவா என்று கூப்பிட்டவர்கள் நோயாளிகள்; காயம்பட்ட சிப்பாய்கள். ஒவ்வொரு தடவையும் அவர் "உள்ளேன்" என்று எழுந்து போனார். அவ்வளவுதான் அவர் செய்தது.